செவ்வாய்க்குப் போகிறவர்கள் நிழலோடு போகட்டும்

மலைச்சரிவில் முப்பது ஏக்கர் ஏலத்தோட்டம். கோடையிலும் வற்றாதபடி மறித்த ஓடை. பொதிமாடு கால் வழுக்காமல் ஏறும் தடம். ஈரக்காயை உலர்த்தி எடுக்கும் ஸ்டோர். அதன் சுவர்க்கல் முழுவதும் என் தலைச்சுமை. அட்டைக்கடி பட்டு, மலைக்காய்ச்சலில் இரண்டு முறை பாடை வரை போய்த் திரும்பி, இவ்வளவையும் செய்தவன் இரண்டாம் வகுப்பைத் தாண்டாதவன். தாண்டியவர்கள் பலர் இன்றைக்கும் கீழேதான் இருக்கிறார்கள்.

நான் மலையேறியது ஆசையால் அல்ல, கீழே இடம் இல்லாததால். கீழே சிலமலை என்ற ஊரில் நாங்கள் அண்ணன் தம்பி ஐந்து பேர். அப்பாவுக்குப் பிறகு வயலைப் பங்கு வைத்தபோது, என் துண்டில் ஏர் பூட்டினால் மாடு திரும்புவதற்கு அடுத்தவன் வரப்பை மிதிக்க வேண்டியிருந்தது. மலைமேல் ஏலம் வைப்பவனுக்குக் காடு கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அந்தத் துண்டைப் பெரிய அண்ணனிடம் விட்டுவிட்டுப் பெண்டாட்டியோடு கிளம்பினேன்.

“கிறுக்குப் பயலே, அட்டைக்கு ரத்தம் குடுக்கவா போற?” என்று அண்ணன் சிரித்தார். ஆனால் மலையடிவாரத்து முந்தல் வரை எங்கள் அரிசி மூட்டையைச் சுமந்து வந்தவரும் அவர்தான்.

முதல் வருஷம் ஒரு தப்புச் செய்தேன். வயக்காட்டுக்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. பயிர் என்றால் தலைக்கு மேல் வெறும் வானம் வேண்டும் என்றுதான் எங்களுக்குத் தெரியும். நின்ற மரத்தையெல்லாம் வெட்டிச் சாய்த்து, ஏலத்தை வரிசை பிடித்து நட்டு, மீசையைத் தடவிக்கொண்டு நின்றேன். பங்குனி வெயிலில் அத்தனையும் சருகானது. என் கோடாலி எட்டாத பள்ளத்தில், நாலு பெருமரங்களுக்கு அடியில், பெண்டாட்டி மிச்ச நாற்றை ஊன்றி வைத்திருந்தாள். அது மட்டும் தழைத்தது. அந்த வழியாகப் போன மலைக்குடிக்காரர் ஒருவர் நின்று பார்த்தார். “இந்தம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு” என்று சொல்லிவிட்டு நடந்தார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பள்ளத்து நாற்றிலிருந்துதான் முப்பது ஏக்கரையும் உண்டாக்கினேன்.

பதினைந்து வருஷம் கழித்து அண்ணன் மலையேறி வந்தார், துண்டு நிறைய மொச்சைக்காயோடு. அவருக்கு ஆறு ஆண்பிள்ளைகள். நான் விட்டுவந்த பங்கைச் சேர்த்தாலும் அந்த வயல் ஆறு பங்கு தாங்காது. எதற்கு வந்திருக்கிறார் என்று முகத்திலேயே தெரிந்தது. ஆனால் தம்பியிடம் வாய் விட்டுக் கேட்கிற ஆள் இல்லை அவர். ஓடையைப் பார்த்தார், ஸ்டோரைப் பார்த்தார், “குளிரு சாஸ்தி” என்றார்.

அந்த நேரத்தில் எங்கள் கணக்கப்பிள்ளை, வெல்லம் மடித்து வந்த பழைய பேப்பரை நீவிப் படித்துக் காட்டினார். வெள்ளைக்காரர் ஒருவர் பெரிய கண்ணாடி வைத்துப் பார்த்ததில், செவ்வாய்க் கிரகத்தில் வாய்க்கால் ஓடுவதுபோலத் தெரிகிறதாம். பூமியில் ஜனம் பெருத்துப்போனால் ஒரு காலத்தில் அங்கே போய்க் குடியேறலாமாம்.

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “வாய்க்கா இருக்கா? அப்ப மடை யாரு கையில?”

“அது போடலீங்க.”

“அது தெரியாம எவன் போவான்? கடைமடையில கெடந்து காயவா? அந்தக் கெரகம் ஏற்கனவே எம் மக சாதகத்துல ஏறி உக்காந்துக்கிட்டு எறங்க மாட்டேங்குது. வர்ற மாப்ளையெல்லாம் ஓடுறான். நாம போயி அவன் வீட்டுல ஏறி உக்காந்தாத்தான் அவனுக்குப் புத்தி வரும்.”

சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறியது. “வாய்க்கா வெட்டுனவன் அங்க இருப்பான்லண்ணே? அவன்ட்டக் கேக்க வேணாமா?”

“நீ இங்க யார்ட்டடா கேட்ட?”

பேசாமல் நடந்துபோன அந்த மலைக்குடிக்காரரை நினைத்துக்கொண்டேன்.

கஞ்சி கொண்டுவந்த என் பெண்டாட்டி கேட்டாள்: “அங்க மரம் இருக்கான்னு பாருங்க.”

கணக்கப்பிள்ளை பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மரத்தைப் பற்றி ஒன்றும் இல்லை.

“அப்ப மொதல்ல நெழல வளத்துட்டு, பெறகு பிள்ளைகளக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க.”

“பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு எங்க போறதுன்னுதான் எனக்கும்…” என்ற அண்ணன் பாதியில் நிறுத்தினார். என் முன்னால் அவர் பேச்சைப் பாதியில் நிறுத்தியது அதுதான் முதல் தடவை.

“அண்ணே, செவ்வாய்க்கு வெரசா வண்டி கெடைக்காது. ஓடைக்கு அந்தப் பக்கச் சரிவு சும்மாதான் கெடக்கு. ரெண்டு பயல்கள அனுப்புங்க” என்றேன்.

“சும்மா கெடக்கறதக் குடுத்துட்டுப் பெருமை பேசாதடா” என்றவர், கஞ்சியை ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

அடுத்த மாதம் இரண்டு மகன்களோடு வந்தார். வந்ததும் முதல் வேலையாக, சரிவின் நடுவில் நின்ற பெரிய மரத்துக்குக் கோடாலியை ஓங்கினார். நான் கத்திக்கொண்டு ஓடுவதற்குள் பெண்டாட்டி அந்த மரத்தில் முதுகைச் சாய்த்து நின்றுவிட்டாள்.

“மாமா, ஒரு வீட்டுக்கு ஒரு கிறுக்குப் போதும்” என்றாள்.

அந்த மரம் இன்றும் நிற்கிறது. அதன் அடியில் அண்ணன் பிள்ளைகளின் இரண்டு குடும்பங்கள் பிழைக்கின்றன. அண்ணனோ சிலமலைச் சாவடியில் உட்கார்ந்துகொண்டு, “தம்பிய மலைக்கு ஏத்திவிட்டதே நாந்தான்” என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் நல்லவர், அவர் இல்லாமல் எனக்குத் தீபாவளி இனிக்காது. அதற்காக இதை விட முடியாது. அரிசி மூட்டையைச் சுமந்த பெருமை அவருடையது, முந்தல் வரை. நிழல் என் பெண்டாட்டியுடையது. மற்றதெல்லாம் என்னுடையது. இதை அண்ணன் அதே சாவடியில், நாலு பேர் கேட்க, தம் வாயால் சொல்ல வேண்டும். நாளைக்கு எவராவது செவ்வாய்க்குக் குடிபோனாலும், மரத்தை வளர்த்த பிறகே ஆளை ஏற்ற வேண்டும் என்று முதலில் பேசியது இந்தச் சரிவில்தான் என்று எழுதி வைக்கட்டும். சரிவைத் திருத்தியவன் யார் என்பதையும் சேர்த்து.