சாலைக்கு முதுகு காட்டிய நாட்கள்

மண்ணூர்ப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை நான். காலை ப்ரேயர் நேரத்தில்தான் நைட் ஷிப்ட் முடித்தவர்களின் கம்பெனி பஸ் எங்கள் வாசலைக் கடக்கும். எல்லோரும் தூங்கி வழிய, ஜன்னலோரம் ஒருவர் மட்டும் கையசைப்பார். என் மாணவி செல்வியின் அப்பா, தென்காசிக்காரர். பதிலுக்கு வகுப்பே கையசைக்கும்.

கார்த்திகையில் மாரடைப்பு வந்து அவர் போய்விட்டார். காரியம் முடிந்து செல்வி திரும்பி வந்தபோது, பஸ்ஸைப் பார்த்தால் அழுவாளே என்று பிள்ளைகளையெல்லாம் சாலைக்கு முதுகு காட்டி நிற்கவைத்து, நானும் அப்படியே நின்றேன். அன்றிலிருந்து பஸ் வாசலில் நீளமாக ஹாரன் அடித்தது. ப்ரேயர் நேரத்தில் என்ன சத்தம் என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

ஊருக்கே போய்விடுவதென்று செல்வியின் அம்மா டி.சி. வாங்க வந்தார். அன்று காலை மார்கழிப் பனியில் சாலையே தெரியவில்லை. தூரத்தில் ஹாரன்.

"டீச்சர், பஸ் வந்துகினு கீது. ரோட்டுப் பக்கம் திரும்பிக்கட்டுமா?" என்றாள் செல்வியின் தோழி கௌசல்யா.

நான் செல்வியைப் பார்த்தேன்.

"எங்கப்பா இல்லன்னாலும் பஸ்ஸு தினமும் வருதுல்லா, டீச்சர்? நாமதான் பாக்க மாட்டேங்கோம்."

வகுப்பே சாலைப் பக்கம் திரும்பியது. பனிக்குள்ளிருந்து மஞ்சள் விளக்குகள் மிதந்து வந்தன. செல்வி கையைத் தூக்கினாள். பஸ் ஊர்ந்தது. ஒரே ஒரு ஜன்னலில் இருந்த கை, அன்று எல்லா ஜன்னல்களிலும் இருந்தது. ஒருவர்கூடத் தூங்கவில்லை.

அவளை அழவிடக் கூடாதென்று, இத்தனை நாளும் இத்தனை கைகளையும் நான்தான் அவளிடமிருந்து மறைத்து வைத்திருக்கிறேன்.