கரை இல்லாத கடல்

பேசாலையில் எங்கள் வீட்டு வாசலில் இருந்து கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தபோது, நோர்வேயிலிருந்து மகன் கூப்பிட்டான். கூட வேலை செய்கிறவர்களோடு மலை ஏறப் போனவன், பனிமூட்டத்தில் அவர்களைத் தவறவிட்டுவிட்டான்.

“ஒண்டும் தெரியேல்லை அப்பா. கீழ கடல் சத்தம் மட்டும் கேக்குது.”

மன்னார்த் தீவில் பிறந்த நான் எந்த மலையைக் கண்டேன்? திசை தப்பினால் நாங்கள் கரையைத்தான் தேடுவோம்.

“கடல் பக்கமா இறங்கு மகன். கரைக்கு வந்திட்டால் பயமில்லை.”

“ஓம் அப்பா.” அத்தோடு தொடர்பு அறுந்தது.

மகள் ஓடிவந்து, காலையில் அவன் அனுப்பிய படத்தைக் காட்டினாள். மலைகளுக்கு நடுவே கடல் புகுந்து கிடந்தது. பாறை, சுவர் மாதிரி நேரே தண்ணீருக்குள் இறங்கியது. ஒரு பிடி மணல் இல்லை.

“இதில எங்க அப்பா கரை?”

திரும்பத் திரும்ப அவனுக்குப் போன் எடுத்துப் பார்த்தோம். அழைப்புப் போகவே இல்லை. இங்கே ஒரு படகு பிந்தினால் எல்லாரும் படகைத் தள்ளிக்கொண்டு தேடப் போவோம். அன்றைக்கு என் படகு மணலில் சும்மா கிடந்தது. மனைவி அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். எனக்குச் செபம்கூட வாயில் வரவில்லை.

பொழுதுபடும்போது கூப்பிட்டான்.

“ஆக்கள் தேடி வந்திட்டினம் அப்பா. நான் இருந்த இடத்திலயே இருந்தனான்.”

“நான் இறங்கச் சொன்னது...?”

“அது எனக்குக் கேக்கேல்லை அப்பா. அதுக்குள்ள லைன் கட்டாயிட்டுது.”

கேட்காதவன் ‘ஓம் அப்பா’ என்று எதற்குச் சொன்னான் என்று நான் இன்றுவரை அவனிடம் கேட்கவில்லை.