தவளைகள் இருந்த கான்

டயகமவில் நான் வைத்திருக்கும் கொமினிகேஷன் கடைக்கு ஒரு மத்தியானம் அவர் வந்தார். தேயிலைத் தோட்டத்தில் புல் சாக மருந்து அடிப்பவர். எதையும் தொடுமுன் கையைச் சாரத்தில் இரண்டு முறை துடைத்துக்கொள்வார். அந்த மருந்தடிக்கும் கூலியில் அவர் பல்கலைக்கழகம் வரை படிக்கவைத்த மகள் காய்ச்சலில் இறந்து சில மாதங்களே ஆகியிருந்தன.

"மக எழுதுனது வந்திருக்காம்ங்க. தமிழ்ல சொல்லுங்க," என்று ஃபோனை நீட்டினார்.

ஊர்வன, நீர்நில வாழ்வன பற்றிய ஆங்கில இணைய ஆய்விதழ் அது. எங்கள் தோட்டத்துக் கான்களில், மழைத்தண்ணீர் வடிய வெட்டிய அந்த வாய்க்கால்களில், வாழும் தவளைகளைப் பற்றி எழுதியிருந்தாள். புல் மருந்து கலந்து அவை அழிந்துவருவதாகச் சொல்லும் இடத்தில் தயங்கினேன்.

"மறைக்காம வாசிங்க."

வாசித்தேன். கடைசியில், தவளைகள் இருக்கும் கான்களைக் காட்டித் தந்த அப்பாவுக்கு நன்றி சொல்லியிருந்தாள்.

கையை இரண்டு முறை துடைத்துக்கொண்டு அவர் ஃபோனைத் திரும்ப வாங்கினார்.

"அதே கான் ஓரந்தாங்க நான் மருந்து அடிச்சேன். பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருந்தா. அடிக்காதீங்கப்பான்னு ஒரு வார்த்த சொல்லலயே."

மறுநாள் காலையில் மருந்து டாங்கியை முதுகில் மாட்டிக்கொண்டு அவர் மலையேறுவதைப் பார்த்தேன். அவள் ஏன் சொல்லவில்லை என்பது அப்போது எனக்குப் புரிந்தது. அதை அவரிடம் எப்படிச் சொல்வதென்றுதான் இன்றுவரை தெரியவில்லை.