நூம்பல் பள்ளத்தில் ஒரு கேப்டன்

ஆவடி ராணுவ டாங்கித் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்ற மனோகரனுக்குக் கடலைப் பற்றித் தெரிந்ததெல்லாம் மெரினாவில் எந்தக் கடைச் சுண்டல் நன்றாக இருக்கும் என்பதுதான். அந்த மனிதர் ஒரு யாட் வாங்கினார். பணக்காரர்கள் பாய் விரித்து உல்லாசமாகப் போவார்களே, அந்தப் படகு. காசிமேட்டில் ஒரு சுவரோரம் வயிற்றில் செடி முளைத்துக் கிடந்ததை லாரியில் ஏற்றி, கடல் காற்றுகூட எட்டாத நூம்பலுக்குக் கொண்டுவந்து, வீட்டுப் பக்கத்துக் காலி மனையில் இறக்கினார். "இனிமே நான் கேப்டன்" என்றார். மனைவி பார்வதம் பெருக்கிய வாசலையே மறுபடி பெருக்கினாள். அது நல்லதற்கில்லை என்று தெருவுக்கே தெரியும்.

அடியெல்லாம் விரிசல். டாங்கிக்குள் தண்ணீர் புகாமல் சீல் வைத்த கை சும்மா இருக்குமா? சுரண்டினார், ஃபைபர் துணி ஒட்டினார், ரெசின் பசை பூசினார். ஆனால் மெல்லிய விரிசல்கள் அவர் கண்ணுக்குப் பிடிபடவில்லை. "தள்ளுங்க" என்று பார்வதம் முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். திட்டிக்கொண்டேதான் பூசினாள், ஊசிமுனை இடம் விடாமல்.

அதற்குள் அந்த மனைக்காரர் ஸ்ரீகாந்த் அடுக்குமாடி கட்ட அஸ்திவாரப் பள்ளம் தோண்டிவிட்டார். ஐப்பசி மழை அதைக் குளமாக்கியது. ஸ்ரீகாந்த் கறாராகச் சொன்னார்: படகை இந்தப் பள்ளத்தில் இறக்கிப் பார்ப்பது, மிதந்தால் பொங்கல்வரை மனையில் இருக்கலாம், மூழ்கினால் காயலான் கடைக்கு. ஞாயிறு காலையிலேயே காயலான் கடை பூபாலன் இரும்பு அறுக்கும் மெஷினோடு வந்து நின்றார்.

"இன்னா அண்ணாத்தே, இத்த மெதக்க வுடப் போறியா? நான் ஓரமா குந்திகினு கீறேன், முடிஞ்சதும் சொல்லு."

கிரேன் வந்தது. மனோகரன் படகில் ஏறினார். "எங்க ஃபேக்டரில சீல் போட்டவன்தான் தண்ணி டெஸ்ட்டுக்கு உள்ள குந்தணும். அப்பதான் ஒழுங்கா போடுவான்."

"அப்ப நானும்தான் குந்தணும்" என்று பார்வதமும் ஏறிவிட்டாள்.

படகு இறங்கியது, ஒரு பக்கம் சாய்ந்தது. பார்வதம் கணவரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். படகு மெல்ல நிமிர்ந்தது. அவள் குனிந்து அடித்தளத்தை உள்ளங்கையால் தடவினாள். பொட்டு ஈரமில்லை. மனோகரன் கேப்டன்போல நெஞ்சை நிமிர்த்தி நின்றார். கட்டளை போட வாயைத் திறந்தார், சிரிப்புத்தான் வந்தது. எதிர் ஃப்ளாட் பால்கனிகளில் ஐ.டி. பிள்ளைகள் கைதட்ட, பூபாலன் தன் பிழைப்பையும் மறந்து விசிலடித்தார்.

படகைத் தூக்கிய பட்டையைக் கழற்றிக்கொண்டு கிரேன் அடுத்த வேலைக்குப் போய்விட்டது. அப்போதுதான் கவனித்தார்கள், படகைக் கரையோடு யாரும் கட்டவில்லை. டாங்கி நிறுத்திய இடத்தில் நிற்கும், அதைக் கட்டிப்போட்டு மனோகரனுக்குப் பழக்கமே இல்லை. படகு ஒய்யாரமாகப் பள்ளத்தின் நடுவுக்கு நகர்ந்தது. துடுப்பு வீட்டில். கேப்டனுக்கு நீச்சல் தெரியாது, பார்வதத்துக்கும் தெரியாது.

"யக்கா, பயப்படாத" என்று பூபாலன் கரையிலிருந்து கத்தினார். "கிரேன்காரனுக்குப் போன் போட்டுட்டேன். வானகரத்துல கீறானாம், ஓடியாந்துருவான்."

பார்வதம் பாய்மரத்தில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டிக்கொண்டாள்.

"அவன எதுக்கு அவசரப்படுத்துற? வேலைய முடிச்சுட்டு மெதுவா வரட்டும்" என்றவள், கணவர் பக்கம் திரும்பினாள். "இன்னாங்க, அந்தப் பாயக் கொஞ்சம் விரிங்க, பாக்கலாம்."