கிண்ணம் வழியும்வரை

இலங்கைத் தென்கரையின் தங்காலைக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கு யசவதி முதலில் அறிமுகமாவது துறையடிக் கருவாட்டுக் கடையில்தான். "தடவித் தடவிப் பாக்குறீங்க, கருவாடு வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா மாத்தயா?" என்று வருகிற ஐயாமாரை வம்பிழுப்பாள். அப்போதெல்லாம் பேச்சுக்கு நடுவிலேயே கரைக்கு வரும் ஒவ்வொரு படகையும் எட்டிப் பார்ப்பாள். ஆழ்கடலுக்கு மீன்பிடிக்கப் போன அவள் மகன் சுபுன் திரும்பவில்லை.

ஒரு வருடம் பார்த்துவிட்டு அவள் கணவன் ஜினதாச பிக்குகளை அழைத்து மகன் பேரில் தானம் கொடுத்தான். சாப்பாடு முடிந்ததும், இறந்தவருக்குப் புண்ணியம் சேர, வீட்டார் கெண்டியைச் சேர்ந்து பிடித்துக் கிண்ணம் வழியும்வரை தண்ணீர் ஊற்ற வேண்டும். பிக்குகள் ஓதத் தொடங்கினார்கள். தண்ணீர் விளிம்பைத் தொட்டதும் யசவதி கெண்டியை நிமிர்த்திவிட்டாள்.

"ஊத்துடி, எல்லாரும் பாக்குறாங்க" என்று ஜினதாச பல்லைக் கடித்தான்.

"வழிஞ்சிட்டா எம்புள்ள செத்துட்டான்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும்."

ஓதுவது நின்றது. பெரிய பிக்கு மெதுவாகச் சொன்னார்: "அம்மா, நீங்க ஊத்துறதால யாரும் சாகப்போறதில்ல. ஊத்தாம இருந்தா யாரும் திரும்பி வரப்போறதும் இல்ல. கை வலிக்குதில்ல? கொஞ்சம் இறக்கி வைங்க."

"நான் இறக்கி வச்சிட்டா அவன வேற யாரு சாமி தூக்குவா?"

பெரிய பிக்கு கண்ணை மூடிக் காத்திருந்தார். வெகுநேரம் கழித்து யசவதியின் கை தானாகச் சாய்ந்தது. தண்ணீர் வழிந்து தட்டில் விழுந்தபோது அவள் அழுத சத்தம் தெருமுனைவரை கேட்டது.

யசவதி இப்போதும் அதே இடத்தில்தான் கருவாடு விற்கிறாள். கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள்.