பாதிக்கு மேல் ஓடாத டெக்

சண்டிலிப்பாயில் பெரியம்மா வீட்டு விறாந்தையில், ரீவிக்குக் கீழே, நூலால் பின்னிய வெள்ளை விரிப்பைப் போர்த்தியபடி அந்த டெக் இன்றைக்கும் இருக்கிறது. டிவிடி பிளேயர் என்பதுதான் சரியான பெயர். எங்கள் குடும்பத்தில் அது டெக். பெரியப்பாவின் ஒரே மகன், நான் அண்ணை என்று கூப்பிடுகிறவர், கனடாவிலிருந்து அனுப்பியது. தகப்பனைக் கேளாமல் அங்கே கலியாணம் செய்த பிறகு, கோபம் ஆறட்டும் என்று அனுப்பிய சாமான். பெரியப்பா பெட்டியை ஏற்றுக்கொண்டார். மகனை ஏற்றுக்கொள்ளவில்லை.

பார்வைக்குக் கனத்த இரும்புப் பெட்டி. ஆனால் வந்து கொஞ்சக் காலத்திலேயே, எந்தப் படத்தைப் போட்டாலும் பாதி தாண்டியதும் முகங்கள் கட்டங்கட்டமாகச் சிதறி அப்படியே நின்றுவிடும். அந்த வீட்டில் எந்த வில்லனும் செத்ததில்லை, எந்தக் காதலும் கைகூடியதில்லை. நான் ஒருநாள் திறந்து பார்த்தேன். சீடியைப் படிக்கிற கண்ணை உள்ளிருந்து ஓரம்வரை நகர்த்திக்கொண்டு போவது ஒரு சின்னப் பிளாஸ்ரிக் சட்டம். அதன் நடுவில் இரண்டு பற்கள் முறிந்திருந்தன. அதற்கு அப்பால் கண் போகாது. வெளியில் அவ்வளவு இரும்பைப் போட்டவன் இந்த இடத்தில் ஒரு துண்டு போட்டிருந்தால் என்ன குறைந்துவிடும்? ரவுன் கடையில் கொடுத்தால் மாற்றித் தருவார்கள் என்றேன். பெரியப்பா விடவில்லை. அந்தப் பழுது அவருக்கு நல்ல வாய்ப்பாகப் போய்விட்டது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுவார்.

“மகன் அனுப்பின சாமான். வெளியிலைதான் மினுக்கம். உள்ளுக்கை பிளாஸ்ரிக்.”

அண்ணை தொலைபேசி எடுக்கும்போதெல்லாம் டெக்கைப் பற்றி விசாரிப்பார். “நல்லா ஓடுது ராசா, ஒரு குறையுமில்லை” என்பார் பெரியம்மா. “பாதிதான் ஓடுது எண்டு சொல்லு!” என்று பின்னாலிருந்து பெரியப்பா சத்தம் போடுவார். மகனோடு அவர் கதைத்ததெல்லாம் அப்படித்தான், பெரியம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று.

பிறகு அண்ணை நெஞ்சுவலியில் திடீரென்று செத்துப்போனார். பெரியம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. செத்தவீட்டை வீடியோ எடுத்து, யாரோ ஒரு நண்பர் சீடியாக அனுப்பிவைத்தார். அதை எங்கே போடுவது? அந்த டெக்கில்தான் போட்டோம். வெளியே பனி. கறுப்புக் கோட்டுகளோடு ஆட்கள் மண்டபத்துக்குள் வந்துகொண்டே இருந்தார்கள். மலர்வளையங்கள் வந்தன. ஒருவர் குனிந்து சவப்பெட்டியின் மூடியில் கை வைத்தார். படம் நின்றுவிட்டது. பெரியம்மா எழுந்துபோய் ரீவிக் கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்தார், அழுக்குத்தான் மறைக்கிறது என்பதுபோல.

திரும்பத் திரும்பப் போட்டோம். ஒவ்வொரு முறையும் அந்தக் கை மூடியில்தான் நின்றது. “இஞ்சேருங்கோ, முன்வீட்டு டெக்கிலை ஒருக்காப் போட்டுப் பாப்பம். பிள்ளையின்ரை முகத்தை ஒருக்காப் பாத்தாக் காணும்” என்று பெரியம்மா கெஞ்சினார்.

பெரியப்பா சீடியை வெளியே எடுத்தார். “பாதியிலை விட்டிட்டுப் போனவன்தானே. பாதி காணும், மிச்சம் வேண்டாம்” என்றார். சீடியைத் தன் அலுமாரியில் வைத்துப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டார்.

அவருக்கும் அந்த முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்திருக்கும் என்று என் மனைவி சொல்வாள். இருக்கலாம். எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை. அவர் உயிரோடிருந்த காலம் முழுக்க அந்தத் திறப்பு அவர் இடுப்பிலேயே இருந்தது.

சென்ற வருடம் பெரியப்பா போனார். எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவு முடிந்த கையோடு பெரியம்மா திறப்பை என்னிடம் தந்தார். டெக்கை ரவுனுக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் பழைய டெக் ஒன்றைக் கழற்றி அதன் சட்டத்தை இதற்குப் போட்டார். கையோடு கொண்டுபோன ஒரு படத்தைப் போட்டுப் பார்த்தோம். கடைசிவரை ஓடியது. வீட்டுக்கு வந்து அண்ணையின் சீடியைப் போட்டேன். ‘சீடி இல்லை’ என்று காட்டியது. தகரக் கூரைக்குக் கீழே இத்தனை வருட வெக்கையில் அதன் அடிப்பக்கம் பழுப்பேறி வெளிறிக் கிடந்தது. கோப்பாயிலுள்ள என் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கணினியிலும் போட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அனுப்பிய நண்பர் யாரென்றே ஒருவருக்கும் நினைவில்லை. அண்ணையின் மனைவியோடு உறவே வைத்திருக்காததால் அவரிடம் கேட்டுப் பார்க்கவும் வழியில்லை.

பெரியம்மாவிடம் சொன்னேன். “பாதியாவது வருமோ தம்பி?” என்று கேட்டார். இல்லை என்றேன்.

அவர் அழவில்லை. உள்ளே போய் வேறொரு சீடியைக் கொண்டுவந்தார். பெரியப்பாவின் செத்தவீடு. வெளிநாட்டுச் சொந்தங்களுக்காக எடுத்த வீடியோ. படமெடுத்தவர்கள் பென்டிரைவில்தான் தந்தார்கள். பெரியம்மா தனக்குச் சீடியாகத்தான் வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்டு வாங்கியிருந்தார். ஏனென்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

படம் துலக்கமாக ஓடியது. பந்தல், பறை, பொற்சுண்ணம் இடித்த பெண்கள். ஆட்கள் விலக, கமரா மெல்லப் பெரியப்பாவின் பெட்டியை நோக்கிப் போனது. கால்கள் தெரிந்தன. மாலை தெரிந்தது. முகம் வருவதற்குள் பெரியம்மா ரிமோட்டை என் கையிலிருந்து வாங்கி நிறுத்தினார்.

“பாதி காணும்” என்றார்.

சீடியை எடுக்கச் சொல்லவில்லை. டெக்கின்மேல் வெள்ளை விரிப்பைப் போட்டு, நான்கு மூலையும் இழுத்துச் சரிசெய்துவிட்டு, எனக்குத் தேத்தண்ணி போடப் போனார்.