தொடையில் கட்டிய டியூப்

போலீசுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றால் எனக்கு ஓட்டம்தான் பயம். ஏர் ஓட்டின கால். நடக்கும், சுமக்கும், ஓடாது. பாதியில் மூச்சு நின்றுவிடும். முதல் தடவை காஞ்சிபுரம் மைதானத்தில் கடைசியாக வந்தேன். இன்னும் ஒரு தடவைக்குத்தான் வயது இருந்தது.

அக்கா வீட்டுக்காரர் பட்டாளத்திலிருந்து லீவில் வந்தார். ஒரு வழி சொன்னார்.

"பழைய சைக்கிள் டியூப்ப ரெண்டு தொடையிலயும் கட்டிக்க மச்சான். ரொம்ப இறுக்காத. அதோட நட. ரத்தம் நின்னு நின்னு போவும். ஓடற அன்னிக்கு அவுத்துட்டு ஓடு. காலு பஞ்சு மாதிரி இருக்கும் பாரு."

"ஓடறதுக்கு நடக்கணுமா மாமா?"

"ஆமா. பட்டாளத்துல கேட்டது."

யாரிடம் கேட்டார் என்று சொல்லவில்லை.

தினமும் காலையில் வேட்டிக்குள் டியூபைக் கட்டிக்கொண்டு ஏரிக்கரையில் நடந்தேன். கால் கனத்தது, எரிந்தது. நடந்ததற்கே மூச்சு வாங்கியது. மாடு ஓட்டிப் போகிறவர்கள் என்னை முந்தினார்கள். "ஓட்டக்காரரு போறாரு, வழி வுடு" என்றார்கள். மாட்டிடம் சொன்னார்கள்.

ஆள் எடுக்கிற அன்று பஸ்சுக்கு நேரம் இருந்தது. கடைசியாக ஒரு நடை போகலாம் என்று கட்டிக்கொண்டு போனேன். வரப்பில் சேறு. வேட்டியைத் தூக்கிக் கட்டினேன். களை எடுத்த பெண்கள் பார்த்துவிட்டார்கள்.

"தொடையில கட்டு போட்டுக்கினு வர்றான். பாம்பு கடிச்சிட்டுதுடி."

"ரெண்டு கால்லயுமா?"

"ஜோடியா இருந்திருக்கும்."

பாம்பு கடித்தவன் கால் தரையில் படக்கூடாது. நான்கு பேர் தூக்கிக்கொண்டார்கள். நான் சொன்னதை யாரும் கேட்கவில்லை. விஷம் ஏறினவன் உளறுவான் என்பது ஊருக்குத் தெரியும்.

விஷக்கடி வைத்தியர் என் வாயில் வேப்பிலையைத் திணித்தார்.

"கசக்குதா?"

"இல்ல."

உண்மையைத்தான் சொன்னேன். உடம்புக்கு நல்லது என்று தினம் வெறும் வயிற்றில் வேப்பிலை தின்று பழக்கம். ஆனால் கசக்கவில்லை என்றால் விஷம் தலைக்குப் போய்விட்டது என்று அர்த்தம். பச்சிலைச் சாறு ஊற்றினார்.

"காஞ்சிபுரம் பெரியாஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போங்க. கட்ட அவுக்காதீங்க."

அதற்குள் பஸ் போய்விட்டது. நெல் மூட்டை லாரியில் ஏற்றினார்கள். என்னைப் பெற்ற நைனா தலையை மடியில் வைத்துக்கொண்டு, தூங்கிவிடக்கூடாது என்று வழியெல்லாம் கன்னத்தில் அறைந்துகொண்டு வந்தார். கால் மரத்துப்போனது. அவருக்குத் தெரியாமல் டியூபை அவிழ்த்தேன்.

ஆஸ்பத்திரி வருவதற்கு முன்னாலேயே ஆள் எடுக்கிற மைதானம் வந்தது. லாரி மெதுவானதும் குதித்தேன். வேட்டியை அவிழ்த்து எறிந்து டிரவுசரோடு வரிசையில் நின்றேன். விசில் ஊதினார்கள்.

கால் லேசாகத்தான் இருந்தது. மூச்சும் கூடவே வந்தது. நைனாவும் வேலிக்கு வெளியே கூடவே வந்தார்.

"ஓடாதடா. வெஷம் ஏறிக்கும்டா."

பக்கத்தில் ஓடினவன் என்னைப் பார்த்து ஒதுங்கினான். அவனைத் தாண்டினேன்.

தேறிவிட்டேன். பேர் வைத்தியருக்குப் போனது. சாகக் கிடந்தவனை ஓட வைத்தவர். அடுத்த தடவை ஆள் எடுத்தபோது ஊர்ப் பையன்கள் அவரிடம் சாறு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள். டியூபை யாரும் கேட்கவில்லை.

அக்கா வீட்டுக்காரர் மறுபடி லீவில் வந்தார். எல்லாம் கேட்டுக்கொண்டார். போகும்போது அவரும் ஒரு பாட்டில் சாறு வாங்கிக்கொண்டு போனார்.